யெல்லோஸ்டோன் பைசன்களும் ஒரு திருட்டு வேட்டைக்காரனும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வாழும் பைசன்களை, அதாவது மாட்டினத்தைச் சேர்ந்த பெரிய காட்டு விலங்குகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆண் பைசன் 900 கிலோ வரை இருக்கும். அந்த உடம்போடு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவும் ஓடும். அதனால்தான் 23 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று பூங்காவில் விதி. புல்தானே மேய்கிறது என்று பக்கத்தில் போய் முட்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. வாலைத் தூக்கினால் கோபம் என்று அர்த்தம்... சரி, அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஒரு சட்டத்தைப் பற்றி.

கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு இது. தோலுக்காகச் சுட்டே தீர்த்தார்கள். 1872-இல் பூங்கா வந்தது. 1886 முதல் ராணுவமே காவலுக்கு நின்றது. ஆனால் உள்ளே புகுந்து சுட்டவனைத் தண்டிக்கச் சட்டம் இல்லை! சாமானைப் பிடுங்கிக்கொண்டு வெளியே விரட்டலாம், அவ்வளவுதான்.

1894 மார்ச். பெலிக்கன் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. எட்கர் ஹவல் என்பவன் தான் சுட்ட பைசன்களைத் தோலுரித்துக்கொண்டிருக்கிறான். ராணுவத்தின் தேடுபணியாளர் ஃபீலிக்ஸ் பர்ஜஸ் பனிச்சறுக்குக் கட்டைகளில் வருகிறார். கையில் கைத்துப்பாக்கி மட்டும். மறைந்து வர ஒரு மரம்கூடக் கிடையாது. அவனிடம் ரைஃபிள் இருக்கிறது, ஆனால் சற்றுத் தள்ளிச் சாய்த்து வைத்திருக்கிறான். கூடவே ஒரு நாய். நல்லவேளை, காற்று பலமாக வீசியது. நாய்க்கே சத்தம் கேட்கவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் துப்பாக்கி.

பிடிபட்டவனுக்குப் பயமே இல்லை. மாட்டாமல் இருந்தால் 2,000 டாலர் வரவு, மாட்டினால் 26 டாலர் சாமான் போகும் என்று கணக்குச் சொன்னானாம். கணக்குச் சரிதானே! அப்போது பூங்காவில் இருந்த ஒரு பத்திரிகையாளர் இதை எழுத, நாடே கொதித்தது. அதே வருடம் மே மாதம் சட்டம் வந்தது: சிறை, அபராதம் இரண்டும். மறுபடியும் சொல்கிறேன், பூங்கா அறிவித்து 22 வருடம் கழித்து.

அதற்குள் ஏகப்பட்டவை போய்விட்டன. 1902-இல் அங்கே மிஞ்சியவை சுமார் இரண்டு டஜன். தனியார் மந்தைகளிலிருந்து 21 பைசன்களை வாங்கிப் பெருக்கினார்கள். இன்று சில ஆயிரம் இருக்கின்றன.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். புருசெல்லோசிஸ் நோயைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கருவைக் கலைக்கும் இந்த நோய் வீட்டு மாடுகளிடமிருந்துதான் பைசன்களுக்கு வந்தது. இப்போது குளிர்காலத்தில் மேய்ச்சல் தேடி அவை பூங்காவுக்கு வெளியே மொன்டானா மாநிலத்துக்குள் இறங்கினால், மாடுகளுக்குப் பரவும் என்று பிடித்துப் பலவற்றை இறைச்சிக்கு அனுப்புகிறார்கள். நோயில்லாதவற்றைச் சோதித்து ஃபோர்ட் பெக் போன்ற பழங்குடி நிலங்களுக்கு அனுப்புவதும் நடக்கிறது. அதைத்தான் அதிகமாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நன்றி, வணக்கம்.