மெதுவாகச் சுற்றும் இறக்கையும் காற்றின் கணக்கும்

வணக்கம் நண்பர்களே. என் பின்னால் வரிசையாக நிற்பது ஒரு காற்றாலைப் பண்ணை. இதைப் பார்க்கும் எவருக்கும், இவ்வளவு மெதுவாகச் சுற்றும் இறக்கைகளிலிருந்தா இத்தனை மின்சாரம் கிடைக்கிறது என்ற ஐயம் எழும், எனக்கும் எழுந்தது.

உண்மையில் அவை மெதுவாகச் சுற்றவில்லை. 60 மீட்டர் நீள இறக்கை நிமிடத்திற்கு 12 முறை சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த இறக்கைகள் வரையும் வட்டத்தின் பரப்பு 11,000 சதுர மீட்டருக்கும் அதிகம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவ்வளவு பரப்பை ஒவ்வொரு விநாடியும் கடக்கக்கூடிய காற்றின் எடை சுமார் 138 டன். இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து காற்றை எடையற்றதாக என்னால் நினைக்க முடிவதில்லை.

காற்று இறக்கையை வெறுமனே தள்ளிச் சுழற்றுவதில்லை. விமானத்தின் இறக்கையைப் போன்ற வளைந்த வடிவத்தால் ஒரு பக்கம் அழுத்தம் குறைய, அதனால் பிறக்கும் தூக்குவிசையே அதைச் சுழற்றுகிறது. உச்சியிலுள்ள அறையில் கியர்பாக்ஸ் அந்தச் சுழற்சியை நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுகளுக்கும் மேலாக உயர்த்தி ஜெனரேட்டருக்குத் தருகிறது. கியர்பாக்ஸ் இல்லாத வகைகளும் உண்டு. காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் மின்சாரம் தூண்டப்படும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிதான் அங்கே வேலை செய்கிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. வேகம் 5 மீட்டரிலிருந்து 6 மீட்டராகக் கூடினாலே ஆற்றல் 70 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. கோபுரத்தை இவ்வளவு உயரமாகக் கட்டுவதும், இடத்தைத் தேர்வதற்கு முன் மாதக்கணக்கில் காற்றை அளப்பதும், ஓர் ஆலையின் பின்னால் உருவாகும் வேகம் குறைந்த காற்றில் அடுத்த ஆலை சிக்காதபடி சில நூறு மீட்டர் இடைவெளி விடுவதும் இந்த ஒரே காரணத்தால்தான். அதற்காக முழு ஆற்றலையும் கறந்துவிட இயலாது. முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்வரும் காற்றுக்கு வழி இருக்காது, ஆகவே 59.3 சதவீதமே உச்ச எல்லை என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

காற்றின் வேகம் விநாடிக்கு சுமார் 3 மீட்டருக்குக் கீழே இறங்கினால் உற்பத்தி இல்லை. 25 மீட்டர் அளவைத் தாண்டும்போது, பாதுகாப்புக்காகப் பெரும்பாலான ஆலைகள் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பித் தாமாகவே நின்றுவிடுகின்றன.

இப்போது காற்று திசை மாறுகிறது. முதல் வரிசையில் இடது ஓரத்தில் நிற்கும் ஆலையைப் பாருங்கள்: காற்றின் திசையைக் காட்டும் கருவி தகவல் தந்ததும், உச்சியிலுள்ள அறை முழுவதையும் மோட்டார்கள் மெல்லத் திருப்பி, இறக்கைகளைக் காற்றுக்கு நேராக நிறுத்துகின்றன.