பால் சங்கத்துக் கம்ப்யூட்டரும் நாலு போர்ட் பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பால் சங்கங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. காலை ஆறு மணிக்குப் போன் அடித்தால், கேனோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படி ஒருநாள். "தம்பி, மெசின் எல்லாம் ஓடுதுங்க. கம்ப்யூட்டர்ல மட்டும் ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்றார் செயலாளர் அக்கா.

தராசு, கொழுப்பு பார்க்கும் அனலைசர், வெளியே தொங்கும் டிஸ்பிளே மூன்றுக்குமே பழைய ஒன்பது பின் சீரியல் கேபிள்தான். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட் வருவது அபூர்வம். அதனால் ஒரே யூ.எஸ்.பி. வயரில் நாலு சீரியல் போர்ட் தரும் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தோம். முந்தின நாள் மேஜை துடைத்தபோது யாரோ வயரைப் பிடுங்கி, பக்கத்து ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். நடந்தது அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் சீரியல் நம்பர், அதாவது அந்தப் பெட்டிக்கே உரிய தனி எண், எழுதியிருந்தால் விண்டோஸ் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்; எங்கே செருகினாலும் பழைய காம் நம்பரையே (ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் விண்டோஸ் வைக்கும் எண்) கொடுக்கும். விலை மலிந்த பெட்டி பலவற்றில் அது இருக்காது. அப்போது ஓட்டையே அடையாளம். ஓட்டை மாறினால் அது புது ஆள். 5 முதல் 8 வரை இருந்த காம் நம்பர்கள் 9 முதல் 12 ஆகிவிட்டன. சங்கத்து மென்பொருள் இன்னும் 5-இன் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. சரி, நம்பரை மாற்றுவோம் என்று 9 போட்டேன், தராசு வந்தது. அனலைசருக்கு 10 போட்டால் கட்டத்தில் 1 மட்டும் நிற்கிறது! எழுதிய மகராசன் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார். வயரைப் பழைய ஓட்டையிலேயே செருகினேன். எல்லாம் வந்துவிட்டது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில், இந்தப் பெட்டிகளில் இருக்கும் எஃப்.டி.டி.ஐ., புரோலிஃபிக், சி.எச்.340 வகைச் சிப்களுக்கு டிரைவர் (சிப்போடு பேச வைக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடே வரும், சி.டி. தேட வேண்டாம். ஆனால் போர்ட்டுகளுக்கு அது வைக்கும் டி.டி.ஒய்.யூ.எஸ்.பி.0, 1 என்ற பெயர் வரிசை கண்டுபிடித்த முறைப்படி விழுவது. அதை நம்பாமல், ஓட்டையின் இடத்தை வைத்து வரும் 'பை-பாத்' பெயரை மென்பொருளில் கொடுப்பது நல்லது.

எத்தனை போர்ட் என்று கேட்டு வாங்குகிறோம். உள்ளே என்ன சிப் என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்.டி.டி.ஐ. கம்பெனியின் டிரைவர் ஒன்று, அதன் சிப்பைப் போலவே செய்த போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி முடக்கிப்போட்டது. கூச்சல் எழுந்த பிறகுதான் திரும்பப் பெற்றார்கள். நேற்று வரை ஓடிய பெட்டி அப்படியும் படுக்கும்.

நான் கிளம்புகையில் அக்கா நகப்பாலிஷ் எடுத்து அந்த ஓட்டைக்கு மேலே சிவப்பாய் ஒரு பொட்டு வைத்தார். "இனி இதை ஆரு தொட்டாலும் எங்கிட்டச் சொல்லோணும்" என்றபடி அடுத்த கேனை வாங்கினார்.