ஆறு நகர்ந்தா எல்லை நகருமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆத்தங்கரைல நிலம் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆறு ஒரு கரைய அரிக்கும், எதிர்க்கரைல மண்ணு சேக்கும், போன வருஷம் கரைமேல நின்ன மரம் இந்த வருஷம் தண்ணிக்குள்ள கிடக்கும். ஒரு எடத்துல நிக்காத இதைப் போய் ரெண்டு நாட்டுக்கு நடுவுல வேலின்னு சொன்னா என்ன ஆகும்?

1848ல அமெரிக்காவும் மெக்சிகோவும் சண்டை முடிஞ்சு ஒப்பந்தம் போட்டப்ப, ரியோ கிராண்டே ஆறு பெரிய தூரத்துக்கு எல்லை ஆச்சு. வடகரைல எல் பாசோ, தென்கரைல இன்னிக்கு ஹுவாரெஸ்னு சொல்ற ஊரு. ஆறு வருஷா வருஷம் தெக்க நகந்துட்டே வந்துச்சு, 1864 வெள்ளத்துல பெருசா தாவிடுச்சு. சமிசால்னு சுமார் 600 ஏக்கர், தெக்க இருந்த நிலம், ஆத்துக்கு வடக்க போயிடுச்சு. அங்க நிலம் வச்சிருந்த பெத்ரோ கார்சியாங்கிற மெக்சிகோகாரர் 1895ல கோர்ட்டுக்குப் போனார். நிலம் இருந்த எடத்துலயேதான் இருக்கு, ஆறுதான் இடம் மாறியிருக்கு, அவர் என்ன பண்ணுவார் பாவம்!

1884லயே ஒரு விதி எழுதி வச்சிருந்தாங்க. ஆறு மெல்ல அரிச்சு நகந்தா எல்லையும் கூடவே போகும், திடீர்னு தாவுனா எல்லை பழைய தடத்துலயே நிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மெதுவா எவ்வளவு தூரம், திடீர்னு எவ்வளவு தூரம்னு ஆத்துமண்ணுல யாரு கோடு போட்டு காட்றது? 1911ல நடுவர்கள் 1864 வெள்ளத்துக்கு முன்னாடி சேந்தது அமெரிக்காவுக்கு, மிச்சம் மெக்சிகோவுக்குன்னு பிரிச்சாங்க, அந்தப் பழைய தடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதுன்னு சொல்லி அமெரிக்கா அந்தத் தீர்ப்பை ஏத்துக்கல. நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதாங்க, ஆறு கோடு இல்ல.

கடைசில அமெரிக்க அதிபர் கென்னடி காலத்துல, 1963ல, ஒப்பந்தம் ஆகி 437 ஏக்கர் மெக்சிகோவுக்குப் போச்சு. அதுக்குள்ள அந்த எடத்துல வீடு வாசல்னு குடும்பங்க வேர் விட்டிருந்துச்சு, 5,000 பேருக்கு மேல எழுந்து போக வேண்டியதாச்சு. ஆத்தையும் விடல, சுமார் 7 கிலோமீட்டருக்கு கான்கிரீட் வாய்க்கால் கட்டி அதுக்குள்ள திருப்பி விட்டாங்க. இனிமே நகராதுல்ல, அதுக்காகத்தான். அந்த வாய்க்கால் போட்டோவைப் பாக்குறப்பல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

நேரம் ஆச்சுன்னு கைகாட்றாங்க. ஐரோப்பாவுல ஓடுற டான்யூப் ஆத்தைப் பத்தியும் பேசணும்னு வந்தேன், முடியாது போல, ஒண்ணே ஒண்ணு மட்டும். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவுல பிதசோவாங்கிற ஆத்துல ஒரு குட்டித் தீவு இருக்கு, 1659ல ரெண்டு நாடும் சமாதான ஒப்பந்தம் போட்டதே அங்கதான். இன்னிக்கும் அதை பிப்ரவரில இருந்து ஜூலை வரைக்கும் ஸ்பெயின் பாத்துக்கும், ஆகஸ்ட்ல இருந்து ஜனவரி வரைக்கும் பிரான்ஸ் பாத்துக்கும். வணக்கம்.