ஆடத் தெரிந்தவர் களரி கட்டலாமா?

(மட்டக்களப்பில் ஒரு விளையாட்டுக் கழகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, கழகத்துத் தம்பி தங்கச்சிமாரே,

கோல்ப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற நீர்ப்பாசனக்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கோல்ப் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று முப்பது வருசம் பார்த்தவன். கோல்ப் மைதானம் அமைக்கிறவருக்கு முதலில் வேண்டிய அறிவும் அதுதான்.

ஆடி ஓய்ந்த வீரர்கள் மைதானம் வடிவமைக்கப் போவது இந்த விளையாட்டில் பழைய வழக்கம், கூத்தாடினவரே களரி, அதாவது கூத்து மேடை, கட்டப் போவது மாதிரி. கிரிக்கெட்டில் ஆடுகளம் 22 யார் என்று விதியே சொல்லிவிடும். கோல்ப்பில் குழியின் அகலம் நாலேகால் அங்குலம் என்பதுதான் விதி. மேடு, பள்ளம், வளைவு, தூரம் எல்லாம் வடிவமைப்பாளர் கையில்.

இந்த வழக்கத்துக்கு மூத்தவர் ஸ்கொட்லாந்துக்காரர் டொம் மொரிஸ். 1861, 1862, 1864, 1867 என்று நான்கு தடவை ஓபன் என்ற பெரிய கோல்ப் போட்டியில் பட்டம் வென்றவர். அன்றாடச் சோறு போட்டது புல்தரை பராமரிக்கும் வேலை. ஒருநாள் மணல் ஏற்றிய தள்ளுவண்டி புல்லில் கவிழ்ந்துவிட்டதாம். அந்த இடத்தில் மட்டும் புல் செழித்ததாம். அதிலிருந்து மனுசன் எதற்கெடுத்தாலும் மணல்தான் கொட்டினார் என்பார்கள். கதையோ நிஜமோ, மணல் தண்ணீரைக் கீழே இறக்கிவிடும், வேர் அழுகாது. கல்லடிக் கரையில் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றனவே. அவர்கள் ஊரில் வேறொரு புல் பிடித்து வைத்த மணல்மேடுகளில்தான் இந்த ஆட்டமே வளர்ந்தது. அவரிடம் தொழில் பழகிய டொனால்ட் ரோஸ் 1899இல் அமெரிக்கா போய், சுமார் 400 மைதானங்கள் அமைத்தார்.

இனி அமெரிக்க வீரர் ஜக் நிக்லஸ். கோல்ப்பின் தலையாய போட்டிகளில் 18 பெரும் பட்டங்கள் வென்றவர். உயரமாக எழும்பி, கடைசியில் மெல்ல வலப்பக்கம் வளைந்து, அடங்கி இறங்கும் பந்து அவருடைய கைராசி. அவர் ஆரம்பத்தில் அமைத்த மைதானங்களும் அந்த அடிக்கே வாசல் திறக்கின்றன என்று ஒரு முறைப்பாடு நெடுநாளாக உண்டு. நம்ம ஊர்க் கூத்தில் இது தெரிந்த விசயம்தானே? இளமையில் அருச்சுனனாக ஆடிப் பெயரெடுத்தவர் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆகிறார். சகாதேவனுக்கு வந்த பொடியனுக்கும் அருச்சுனன் ஆட்டத்தையே பழக்குகிறார். பொடியனுக்கு மூச்சு வாங்குகிறது, அண்ணாவியாருக்குக் கோபம் வருகிறது.

நிக்லஸுக்கு வடிவமைப்பில் வழிகாட்டிய பீட் டை ஆயுள் காப்புறுதி விற்ற மனிதர். இருவரும் சேர்ந்து அமைத்த ஹார்பர் டவுன் மைதானம் 1969இல் திறந்தது. பிறகு புளோரிடாவில் ஒரு சதுப்பு நிலத்தைப் பீட் டை மைதானமாக்கினார். நல்ல மணல் கிடைத்த ஓர் இடத்தில் தோண்டித் தோண்டி எடுத்ததில் பெரும் பள்ளம் விழுந்துவிட்டது. மனைவி அலிஸ், தானும் நல்ல ஆட்டக்காரி, சுற்றிலும் தண்ணீர் விட்டு நடுவில் தீவு மாதிரிப் புல்தரை வைத்து அதில் குழியை வைக்கச் சொன்னார். உலகம் பார்த்து வியக்கும் 17ஆம் குழி அப்படி வந்தது. பெண்களுக்குக் கிட்டடியில், முதல் அடி அடிக்கும் தொடக்க மேடை வேண்டும் என்று விடாமல் வாதாடியவரும் அந்த அம்மாதான். எனக்கு அவர்தான் பெரிய அண்ணாவியார்.

பெயர்பெற்ற வீரர் கையெழுத்துப் போட, வரைபடத்தை அலுவலகப் பொடியன்மார் வரைகிற கதையும் உண்டு. அந்தப் பெயருக்காகவே பக்கத்துக் காணி விலை ஏறும். அதை விடுவோம்.

என் கதை ஒன்று. ஒரு கிராமத்தில் கிரிக்கெட் மைதானம் போட்டோம். இடத்தைத் தெரிந்தெடுத்தவர் அந்த ஊர்க் கப்டன், கெட்டிக்கார ஆட்டக்காரர். “இந்த மண்ணில் இருவது வருசம் விளையாடினனான், எனக்குத் தெரியாதா?” என்றார். நானும் மட்டம் பார்க்காமல் தலையாட்டினேன். கார்த்திகை மழைக்கு, பந்து வீசுகிற இடத்தில் முழங்கால் தண்ணி. கொக்கு வந்து நின்றது, பிள்ளைகள் தூண்டில் போட்டார்கள். கப்டன் பொய் சொல்லவில்லை. அவர் ஆடினதெல்லாம் கோடையில்.

கடைசியாக, ஆட்டக்காரராயிருந்தும் நிலத்தைக் கேட்ட ஒருவர். பென் கிரென்ஷா 1984இலும் 1995இலும் மாஸ்டர்ஸ் என்ற பெரும் பட்டத்தை வென்றவர். வடிவமைப்பாளர் பில் கூருடன் சேர்ந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணல்மேடுகளில் அவர் அமைத்த சாண்ட் ஹில்ஸ் மைதானமும் 1995இல்தான் திறந்தது. புல்டோசருக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை. நடந்து நடந்து, காற்று ஏற்கெனவே செதுக்கி வைத்திருந்த, ஆட்டத்துக்குத் தோதான மேடுபள்ளங்களைத் தேடிப் பிடித்தார்கள்.

கழகத்துக்குப் புதுக் காணி கிடைத்திருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்று தலைவர் கேட்டார். வருகிறேன். இப்ப இல்லை தம்பி, மார்கழியில் கூப்பிடுங்கோ, குடையோடு வாறன்.