ஹான்போக்: மூன்று அரசுகள் இழுக்கும் ஒரு சட்டை

அனைவருக்கும் வணக்கம். கொரியத் தொடர் பார்க்காத வீடு இப்போது குறைவு. அதனால் கொரியர்களின் மரபுடையான ஹான்போக் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்த முறை பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். மேல்சட்டைக்குப் பெயர் ஜோகோரி. அதில் பித்தான் இருக்காது. நீளமான இரண்டு துணிப்பட்டைகளை மார்பருகே முடிந்து தொங்கவிடுவார்கள். கழுத்துப்பட்டியின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி தைத்திருக்கும். அழுக்கானால் அதை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். கீழே, மார்பிலிருந்தே விரிந்து இறங்கும் பாவாடை, சீமா.

2022 பிப்ரவரி 4, பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. சீனாவின் 56 இனங்களின் சார்பில் வந்தவர்கள் தேசியக் கொடியைக் கைமாற்றிக் கொண்டுபோகிறார்கள். அவர்களில் சீனாவின் கொரிய இனத்தின் சார்பில் வந்த ஒரு பெண் வெள்ளை ஜோகோரியும் இளஞ்சிவப்புச் சீமாவும் உடுத்தியிருந்தார். எங்கள் உடையைச் சீனா தன்னுடையதாகக் காட்டுகிறது என்று தென் கொரியா கொதித்தது. அடுத்த மாதம் அங்கே அதிபர் தேர்தல் வேறு. முக்கிய வேட்பாளர்கள் இருவரும் கண்டித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தென் கொரியாவின் பண்பாட்டு அமைச்சர் ஹ்வாங் ஹீ அதே விழாவில் ஹான்போக் அணிந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு பெண்ணின் உடைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். கோபம் அன்றைக்குப் பிறந்ததில்லை. 2020இல் ஒரு சீன நிறுவனத்தின் உடையலங்கார விளையாட்டுச் செயலி கொரியாவில் வெளியாகி, ஹான்போக்கையும் அதில் சேர்த்தது. அது சீன உடைதான் என்று சீனப் பயனர்கள் சண்டைக்கு வர, நிறுவனம் அந்த உடைகளை நீக்கியது. கொஞ்ச நாளில் கொரியச் சேவையையே மூடிவிட்டது. அதற்கும் முன்னால், 2002இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டத்தில், கொரியர்கள் தங்களுடையது என்று கருதும் பழங்கால அரசான கோகுர்யோவைச் சீனா தன் வரலாற்றுக்குள் இழுத்த கதை கொரியர்களுக்கு மறக்கவில்லை.

சரி, அந்தப் பெண்ணின் பக்கத்துக்கு வருவோம். 1860களில் பஞ்சம் தாங்காமல் கொரிய–சீன எல்லையில் ஓடும் தூமென் ஆற்றைக் கடந்தவர்கள், 1910இல் ஜப்பான் நாட்டை விழுங்கிய பிறகு தப்பிப் போனவர்கள் ஆகியோரின் வழிவந்தவர்கள்தான் சீனாவின் கொரியர்கள். இன்று சுமார் 17 லட்சம் பேர். 1952இல் அவர்களுக்காக யான்பியன் தன்னாட்சிப் பகுதி அமைந்தது. பாட்டி உடுத்தியதைப் பேத்தி உடுத்துகிறாள். அதை யாரிடம் கேட்டு உடுத்த வேண்டும்? என் கணக்கில் அந்தப் பெண் மீது ஒரு குற்றமும் இல்லை. ஒரு மக்களின் உடையை அரசின் அணிவகுப்புக்கு அலங்காரமாக்கியவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

‘ஹான்போக் சீன உடையின் நகல்’ என்ற வாதமும் நிற்காது. கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்சத்தின் அரசவை அதிகாரிகளுடைய அங்கி, மிங் வம்சத்துச் சீனாவிலிருந்து வந்தது, உண்மை. ஆனால் அது அரண்மனைக்குள் இருந்த சீருடை. ஊர் மக்கள் உடுத்திய சட்டையும் பாவாடையும் கோகுர்யோ கல்லறைச் சுவரோவியங்களிலேயே இருக்கின்றன. புள்ளிபோட்ட சட்டையும் மடிப்புப் பாவாடையுமாக ஆடுகிறார்கள். அந்த ஓவியங்களில் புகழ்பெற்ற ஒன்று இருக்கும் ஜியான் நகரம் இன்று சீன எல்லைக்குள் கிடக்கிறது! கடனும் ஒருவழியாகப் போகவில்லை. மிங்குக்கு முன் சீனாவை ஆண்ட யுவான் வம்சத்தின் காலத்தில் கொரியப் பாணி உடை சீன அரண்மனையில் மோகமாக இருந்தது. மிங் காலத்தில் கொரியக் குதிரைமயிர் உள்பாவாடைக்குப் பெய்ஜிங்கில் கிராக்கி.

அப்புறம் பட்டியல் போட்டி. 2008இல் சீனா தன் கொரியர்களின் உடையைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. தென் கொரியா 2022 ஜூலையில் ஹான்போக் உடுத்தும் வழக்கத்தைச் சேர்த்தது. 2024 டிசம்பரில் வட கொரியா முந்திக்கொண்டு யுனெஸ்கோ பட்டியலிலேயே பதிந்துவிட்டது. அந்தப் பட்டியல் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் மூன்று தலைநகரங்களிலும் அதைப் பட்டாவாகத்தான் படிக்கிறார்கள்.

வழி இல்லாமலும் இல்லை. 2018இல் இரு கொரியாக்களின் மல்யுத்தமும் கூட்டாகப் பதிவானது. வல்லூறு வளர்ப்பை 2010இல் 11 நாடுகள் சேர்ந்து பதிந்தன, தென் கொரியாவும் அதில் ஒன்று. பிறகு வந்தவர்களையும் சேர்த்து 2021இல் அது 24 நாடுகளின் பதிவானது. வட கொரியாவின் பதிவையும் அப்படி விரிக்க விதியில் இடம் இருக்கிறது. பியோங்யாங் சம்மதிக்க வேண்டும், சியோல் கேட்க வேண்டும், யான்பியன் மக்களைப் பேச பெய்ஜிங் விட வேண்டும். மூன்றில் எது கடினம் என்று கேட்டால், நான் கடைசியைத்தான் சொல்வேன்.