கவசத்துக்குள் ஒரு கைவினைஞர்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஓவியங்களைப் பற்றி வானொலியில் பேசுவது சற்றே சங்கடமான காரியம். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பொறுத்தவரை அதில் ஒரு பொருத்தமும் உண்டு. அவரை வரைந்த புகழ்பெற்ற ஓவியங்களில் அவரது வாழ்வின் பாதியைக் காண முடியாது. அந்தப் பாதியைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ரூப்பர்ட். 17-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லசின் குதிரைப்படையை நடத்தியவர். மன்னரின் சகோதரி எலிசபெத்தின் மகன், அதாவது மன்னர் அவருக்குத் தாய்மாமன்.

ரூப்பர்ட் 1619 டிசம்பரில் பிராக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஐந்தாம் பிரடெரிக் இன்றைய செக் நாட்டின் பகுதியான பொகீமியாவின் அரியணையில் ஏறி ஓராண்டு ஆனவுடனேயே, 1620 நவம்பரில், வெள்ளை மலைப் போரில் எல்லாவற்றையும் இழந்தார். குடும்பம் அவசர அவசரமாக நகரை விட்டு ஓடியபோது கைக்குழந்தையான ரூப்பர்ட்டை மறந்துவிட்டுப் போக இருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நாடிழந்த அரசகுடும்பத்துக்கு ஹாலந்தின் ஹேக் நகரம் அடைக்கலம் தந்தது. கருவூலம் காலியாக இருந்த அந்த அரண்மனையில் ஓவியர்களுக்கு மட்டும் குறைவில்லை. கெரிட் வான் ஹோந்தோர்ஸ்ட் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். ரூப்பர்ட்டின் தங்கை லூயிஸ் ஹோலன்டைன் பின்னாளில் ஓவியராகவே அறியப்பட்டார். நாடு கைவிட்டுப் போனவர்களுக்குத் தாங்கள் யார் என்பதை உலகுக்கு நினைவூட்ட உருவப்படம்தான் வழி என்பதால், அந்தக் குடும்பம் திரும்பத் திரும்பத் தன்னை வரையச் செய்துகொண்டது என்று நான் நினைக்கிறேன்.

1631-32 குளிர்காலத்தில் ஹேக் நகருக்கு வந்த ஆன்டனி வான் டைக், 12 வயதுச் சிறுவனான ரூப்பர்ட்டை முழு உருவத்தில் வரைந்தார். அப்படம் இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருநிற உடை, அருகில் ஒரு நாய், வயதுக்கு மீறிய நிதானம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே வான் டைக், ரூப்பர்ட்டையும் அவருடைய அண்ணன் சார்லஸ் லூயிசையும் சேர்த்து வரைந்த படத்தை இப்போது பாரிசின் லூவ்ரில் காணலாம். அதில் இருவருமே இரும்புக் கவசம் பூண்டிருக்கிறார்கள். அதன்பிறகு அந்தக் கவசம் ரூப்பர்ட்டின் படங்களை விட்டு எளிதில் போகவில்லை.

1638-இல் வ்லோட்டோ என்ற இடத்தில் நடந்த போரில் சிறைப்பட்ட அவர், ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அங்கே அவர் பொழுதைப் போக்கிய விதம் கவனிக்கத் தக்கது. காட்சியைச் சரியான தொலைவுக் கணக்கோடு தாளில் இறக்குவதற்கு ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வகுத்ததாகச் சொல்லப்படும் கருவியொன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சீர்படுத்துவதில் அவர் ஈடுபட்டார். வாளைப் பறிகொடுத்த படைவீரரின் கை அடுத்ததாக நாடியது ஒரு வரைகருவியை.

உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் அவரைப் பற்றிய படங்கள் இரு திசையிலிருந்து வந்தன. நாடாளுமன்றத் தரப்பினர் 1643-இல் அச்சிட்ட ஒரு மரச்செதுக்குப் படத்தில், எரிகிற பர்மிங்காம் நகரத்தின் முன்னே துப்பாக்கியோடு குதிரையில் வருகிற கொடியவராக அவர் நிற்கிறார். ‘பாய்’ என்ற பெயர்கொண்ட அவரது வெள்ளை நாயும் கூடவே ஓடி வருகிறது. அந்த நாய் உண்மையில் ஒரு பேய் என்று எதிரிகளின் துண்டுநூல்கள் எழுதின. 1644-இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் அது இறந்தபோது அதையும் கொண்டாடினார்கள். மன்னர் தரப்பிலோ, ஆக்ஸ்போர்டில் அரசவை ஓவியராக இருந்த வில்லியம் டாப்சன் அவரை வரைந்தார். ரூப்பர்ட்டும் இரண்டு கர்னல்களும் ஒன்றாக இருக்க, தொப்பியில் அணியும் நாடாமுடிச்சை அவர்களில் ஒருவர் மதுவில் தோய்ப்பதாக அமைந்த அவருடைய படம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. முற்றுகை நெருக்கிய காலத்து டாப்சனின் ஓவியங்களில் வண்ணப்பூச்சு மெலிந்து காணப்படும். தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு தரப்பின் நிலையை, வரையப்பட்டவர்களின் முகத்தைவிட அந்தப் பூச்சு நன்றாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

போரில் தோற்றபின் சில ஆண்டுகள் கடலில் அலைந்து, தம்பி மாரிசை 1652-இல் புயலுக்குப் பறிகொடுத்து, ஜெர்மனிக்குத் திரும்பிய ரூப்பர்ட்டைத்தான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். லுட்விக் வான் சீகன் என்ற மற்றொரு படைவீரர் 1642-இல் செப்புத் தகட்டில் படம் அச்சிட ஒரு புதிய முறையைக் கண்டிருந்தார். மெசோடின்ட் எனப்படும் அம்முறையைக் கற்றுக்கொண்ட ரூப்பர்ட் அதைத் தலைகீழாக்கினார். நம் வீடுகளில் அம்மி கொத்துவார்களே, அதுபோலத் தகடு முழுவதையும் பல் வைத்த வளைந்த உளியை ஆட்டி ஆட்டி முதலில் சொரசொரப்பாக்க வேண்டும். அந்நிலையில் மை தடவி அச்சிட்டால் தாள் முழுவதும் கருமையாக விழும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி, தேய்த்து, மழமழப்பாக்கினால் இருளுக்குள்ளிருந்து உருவம் மெல்ல எழுந்து வரும். கோடே இல்லாமல் நிழலாலேயே படம் அமைக்கும் வழி அது. அந்த உளியை அமைத்தவர் ரூப்பர்ட்டே என்று பலரும் கருதுகிறார்கள்.

1658-இல் அவர் செய்த பெரிய தகடு, திருமுழுக்கு யோவானின் தலையைக் கையில் ஏந்தி நிற்கும் கொலையாளியைக் காட்டுகிறது. மூலம் ஸ்பானிய ஓவியர் ரிபேராவினுடையது. அந்தக் கொலையாளியின் வாள் அலகில்தான் ரூப்பர்ட் தம் முதலெழுத்துகளையும் ஆண்டையும் ஒரு கிரீடத்தோடு பொறித்தார். கையொப்பத்துக்கு வாளைத் தேர்ந்ததில் சற்று விளையாட்டும் இருந்திருக்கலாம். 1660-இல் முடியாட்சி மீண்டபின் இலண்டனில் இம்முறையை அவர் எழுத்தாளர் ஜான் ஈவ்லினுக்குச் செய்து காட்ட, ஈவ்லின் 1662-இல் வெளியிட்ட செதுக்குக்கலை நூலில் ரூப்பர்ட்டே செய்த சிறு தகடு ஒன்று சேர்க்கப்பட்டது. பிற்காலத்தில் இது ஆங்கில முறை என்றே பெயர்பெற்று, உருவப்படங்களைப் படியெடுத்துப் பரப்பும் தொழிலாக வளர்ந்தது. அரசவை ஓவியர் பீட்டர் லீலி வரைந்த ரூப்பர்ட்டின் ஓவியமே பின்னர் மெசோடின்டாக அச்சேறியது.

அந்த லீலியின் கையில் ரூப்பர்ட் மறுபடியும் போர்வீரர்தான். 1665-இல் லோஸ்டாஃப்ட் கடற்போரில் ஈடுபட்ட தளபதிகளை வரிசையாக வரையும் பொறுப்பு லீலிக்குத் தரப்பட்டது. 1666 ஏப்ரலில் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் லீலியின் ஓவியக்கூடத்துக்குப் போய் அந்த முகப்படங்களைப் பார்த்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை இப்போது கிரீனிச்சில் இருக்க, ரூப்பர்ட்டின் படம் மட்டும் அரச சேகரிப்பிலேயே தங்கிவிட்டது. 1667-இல் பழைய காயத்துக்காக மண்டையோட்டில் துளையிட்டு அவருக்குச் சிகிச்சை செய்தார்கள். அந்தக் காயத்தையும் படங்களில் தேடிப் பயனில்லை.

அதே காலத்தில் அவர் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர். 1668-இல் வின்ட்சர் கோட்டையின் காவலராகி, அங்கே உலைக்களமும் சோதனைச்சாலையும் அமைத்தார். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வால்முளைத்த துளியொன்று கிடைக்கும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, வாலைக் கிள்ளினால் மொத்தமும் தூளாகச் சிதறும். வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பின்னர் சுருங்குவதால் ஏற்படும் இழுவிசையே அதற்குக் காரணம். இத்துளியை அவர் கண்டுபிடிக்கவில்லை, ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தார். ஆயினும் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. ஒரு கனசதுரத்தில் துளையிட்டு, அதே அளவுள்ள மற்றொரு கனசதுரத்தை அதனூடே செலுத்த முடியும் என்று அவர் பந்தயம் கட்டி வென்றதாகக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் எழுதினார். கேட்டால் நம்ப முடியாது, ஆனால் கணக்கு சரியானதே.

இவ்வளவும் செய்தவரை உலையருகே நிறுத்தி வரைய ஓர் ஓவியருக்கும் தோன்றவில்லை. அவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார். அரசகுமாரனின் கை கரிபடிந்திருப்பதைக் காட்டுவது அக்காலத்து வழக்கமன்று. எனினும் ஓர் உருவம் அந்தக் குறையைத் தன்னை அறியாமலே ஈடுசெய்கிறது. இலண்டனையடுத்த ஃபுல்ஹாமில் குயவுத்தொழில் நடத்திய ஜான் டுவைட், கடினக் களிமண் பாண்டம் செய்ய 1672-இல் காப்புரிமை பெற்று, அடுத்த சில ஆண்டுகளில் ரூப்பர்ட்டின் மார்பளவு உருவத்தை அதே மண்ணில் சுட்டெடுத்தார். இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் கவசம் உண்டு. ஆனால் முகத்தில் முதுமையும் சோர்வும் மறைக்கப்படவில்லை. பானங்களுக்கான குடுவைகளைச் சுடும் அதே வகைச் சூளையில், தீ உச்சத்தில் இருக்கும்போது உப்பை வீசுவார்கள். உப்பின் ஆவி மண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடி, மேற்பரப்பில் மெல்லிய கண்ணாடியாகப் படியும். வின்ட்சர் உலையின் முன் நின்றவருடைய நெற்றியிலும் கன்னத்திலும் அந்தக் கண்ணாடிதான் மினுங்குகிறது.