ஏழெட்டு எவ்ளோ?

வணக்கம். ஏழெட்டு எவ்ளோன்னு வாத்தியார் கேப்பார், பையன் ஐம்பத்தாறுன்னு கரெக்டா சொல்லுவான், அவர் முகத்த ஒருமாதிரி வெச்சுக்கிட்டு "நல்லா யோசிச்சு சொல்லு"ன்னுவார், உடனே இவன் ஐம்பத்துநாலுன்னு மாத்திடுவான். பொய்யா சொன்னான்? இல்லங்க, மறுபடி கேக்குறாரே, அப்போ முதல்ல சொன்னது தப்பு போலன்னு நெனச்சுட்டான்.

பாலியல் தொந்தரவு புகார்லயும் இதேதான் நடக்குது. புள்ள அம்மாகிட்ட சொல்லும், அம்மா சித்தியக் கூப்பிடுவாங்க, அப்புறம் டீச்சர், ஹெச்.எம்., ஆளாளுக்கு ஒருதடவ. நான் குழந்தைகள் நலக் குழுவுல இருந்தப்ப ஒரு சின்னப் பொண்ணு வந்துச்சு, என்னம்மா நடந்துச்சுன்னு கேட்டேன், அது என்ன கேட்டுச்சு தெரியுமா? "அம்மாகிட்ட சொன்னத சொல்லவா, டீச்சர்கிட்ட சொன்னத சொல்லவா?" இன்னைக்கும் காதுல இருக்கு.

அதான் சொல்றேன், "அந்த மாமாதானே செஞ்சாரு?"ன்னு பதில நாமளே ஊட்டக் கூடாது. "என்ன நடந்துச்சு, அப்புறம்?" அவ்ளோதான்.

அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல மேன்ஹாட்டன் பீச்னு ஒரு ஊரு, 1983ல ஒரு நர்சரி ஸ்கூல் மேல புகார், போலீஸே சுமார் 200 பெற்றோருக்கு லெட்டர் போட்டு இப்படி இப்படி நடந்துச்சான்னு புள்ளைங்ககிட்ட கேளுங்கன்னுட்டாங்க, அப்புறம் பேட்டி எடுத்தவங்களும் ஊட்டி ஊட்டிக் கேட்டாங்க. 1990 வரைக்கும் இழுத்துச்சு, ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. கேட்ட விதத்துலயே எல்லாம் குழம்பிப் போச்சு.

நம்ம போக்சோ சட்டம், அதான் குழந்தைகளப் பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்குற சட்டம், 2012ல வந்தது, இத யோசிச்சிருக்கு. வீட்டுலயோ புள்ள விரும்புற இடத்துலயோ வாக்குமூலம், முடிஞ்சவரைக்கும் பெண் எஸ்.ஐ., யூனிஃபார்ம் கூடாது, புள்ள நம்புற ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், குற்றம் சாட்டப்பட்ட ஆளு கண்ணுல படக் கூடாது, ராத்திரி ஸ்டேஷன்ல வெக்கவே கூடாது. ஆனா ஸ்கூல்ல "நாங்களே விசாரிச்சுட்டு சொல்றோம்"ங்கிறாங்க பாருங்க, சார், அது உங்க வேலை இல்ல! தெரிஞ்சும் போலீசுக்கு சொல்லாம விட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். நல்லெண்ணத்துல சொல்லி அது தப்பாப் போனாலும் உங்க மேல கேஸ் வராது.

கவனிக்காம விட்ட புள்ளைங்களப் பத்தியும் பேசணும்னு குறிச்சு வெச்சிருந்தேன், அங்க வறுமையா அலட்சியமான்னு பிரிச்சுப் பாக்கணும், வீட்டுக்கே போகணும்... நேரம் முடிஞ்சுதுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. குழந்தைகளுக்கான உதவி நம்பர் 1098, ராத்திரி பகல் எப்பவும் கூப்பிடலாம், காசு கிடையாது. வணக்கம்.